சிவப்புப் புள்ளி வைத்த ஃபிராக்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பழைய நில வரைபடங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். அதில் தாராவி ஷீட் ஒன்றின் ஓரத்தில் என் கையெழுத்தோடு ஒரு குறிப்பு இருக்கிறதாம். “மேடம், ‘கிணற்றருகே உள்ள கல், ஃபிராக்கின்படி மறுபடி குறிக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபிராக் என்பது ஏதாவது பழைய சர்வே சுருக்கெழுத்தா? இங்கே நாலு பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சுருக்கெழுத்தெல்லாம் இல்லையம்மா. குழந்தை போட்டுக்கொள்கிற ஃபிராக்தான்” என்றேன். கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு மெதுவாக, “மேடம், இதைக் கொஞ்சம் எழுதித் தர முடியுமா?” என்று கேட்டாள். தாராளமாக எழுதுகிறேன். என் முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் சொல்லிக்கொள்ளும்படி நடந்தது அது ஒன்றுதான். மிச்சமெல்லாம் கோடு.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். மெட்ரிக் முடித்துவிட்டு ஒரு வருஷம் டிரேஸர் படிப்பு படித்தேன். எங்கள் தெருவில் பெண்கள் டைப்பிங் கற்றுக்கொண்டு கம்பெனி வேலைக்குப் போவார்கள். எனக்கு டைப்ரைட்டர் சத்தம் ஆகாது, தலை வலிக்கும். அறுபதுகளின் ஆரம்பத்தில் நகர நில அளவை ஆபீஸில் டெம்பரரி டிரேஸராகச் சேர்ந்தேன்.

எங்கள் அறையில் ஐந்து பெண்கள் இருந்தோம். ஐந்து சாய்வு மேஜை, ஐந்து பெரிய ஜன்னல். டிரேசிங் துணி என்று ஒன்று உண்டு. நல்ல மெல்லிய பருத்தித் துணிக்குக் கனமாகக் கஞ்சி போட்டு, கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி வைத்திருப்பார்கள். அதைப் பழைய படத்தின் மேல் விரித்து, நாலு மூலையிலும் ஈயக் கட்டி வைத்து அழுத்தி, கீழே தெரிவதை மேலே மையால் எடுக்க வேண்டும். முதலில் எல்லைக் கற்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு புள்ளிக்குப் புள்ளி கறுப்புக் கோடு. அதன் பிறகு கிணறு, வீடு, சந்து, எண்கள். ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் கஞ்சி கரைந்து அந்த இடம் நனைந்த அப்பளம் போல் ஆகிவிடும். மே மாதத்தில் நாங்கள் நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்தோம்.

எங்கள் தலைவர் கார்க்கானிஸ் சாகேப், ஹெட் டிராஃப்ட்ஸ்மன். மராட்டிக்காரர். ஒடிசலாக, வெள்ளைத் தொப்பியோடு வருவார். யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. ஷீட்டை முடித்துக் கொடுத்தால், பழைய படத்தையும் புதிய துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தில் பின்பக்கமிருந்து பார்ப்பார். ஒவ்வொரு எண்ணையும் முணுமுணுத்துக்கொண்டே விரலால் நடப்பார். தப்பு இருந்தால் வாயைத் திறக்க மாட்டார். ஷீட்டைக் கொண்டுவந்து நம் மேஜையில் விரித்து, தப்பு இருக்கும் இடத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அதை நாம் தின்றே ஆகவேண்டும், அதுதான் ஆபீஸ் வழக்கம். முதல் மாதம் நான் தின்ற பெப்பர்மின்ட்டில் எனக்குப் பல்வலியே வந்துவிட்டது. அப்புறம் வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று குறைந்தது. நாளடைவில் ஊரில் பெப்பர்மின்ட் வாசனை எங்கே வந்தாலும் நான் எதையோ கோட்டைவிட்டுவிட்டதாகத் தோன்றும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. புதுத் துணியில் படம் எடுத்து முடித்ததும், கிழிந்துபோன பழைய துணியைக் கழித்துவிடுவார்கள். கழித்த துணி பெண்களுக்குச் சொந்தம். சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு எந்த ஷீட் என்று ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீரில் ஊறப்போட்டால் கஞ்சி கழன்று, அதோடு மையும் போய், உள்ளேயிருந்து பஞ்சு மாதிரி துணி வரும். கடையில் அப்படி ஒரு துணியை நாங்கள் கண்ணால் பார்த்தது கிடையாது. கைக்குட்டை, உள்பாவாடை, குழந்தைச் சட்டை எல்லாம் அதில்தான். அந்த நாளில் மாட்டுங்காவில் எத்தனை குழந்தைகள் பம்பாயின் வரைபடத்தை உடம்பில் மாட்டிக்கொண்டு தவழ்ந்தன என்று யாருக்குத் தெரியும்!

எனக்கு ஒரு தடவை தாராவி ஷீட் ஒன்று விழுந்தது. நானே நகல் எடுத்த ஷீட்தான். என் அக்கா ராஜத்தின் பெண் குழந்தைக்கு அதில் ஒரு ஃபிராக் தைத்துக் கொடுத்தேன். கறுப்பு மை சுத்தமாகப் போய்விட்டது. சிவப்பு மை மட்டும் போகவில்லை. “என்னடி இது, முதுகெல்லாம் அம்மை வார்த்தாப்ல சிவப்புப் புள்ளி! எவ்வளவு தோய்ச்சாலும் போகமாட்டேங்கறதே” என்று ராஜம் அலுத்துக்கொண்டாள். “டிசைன்னு நெனச்சுக்கோ” என்றேன்.

அதுவரை நில வரைபடம் என்றால் யார் நிலம், எவ்வளவு நிலம், யாரிடம் வரி வாங்குவது என்பதற்கான சமாசாரம். யாருக்காவது பங்காளிச் சண்டை வந்தால்தான் அதைத் தூசு தட்டுவார்கள். அந்த வருஷங்களில்தான் ஊர் அதை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தது. நகரத் திட்டம் போடுகிறவர்கள் எங்கள் ஷீட்களின் பிரின்ட்டுகளைக் கட்டுக் கட்டாக வாங்கிக்கொண்டு போனார்கள். வீடுகளுக்கு மஞ்சள், தோட்டத்துக்குப் பச்சை, ஆலைக்கு ஊதா என்று வர்ணம் தீட்டினார்கள். இங்கே பள்ளிக்கூடம், அங்கே ஆஸ்பத்திரி, இதுவழியாக அறுபதடி ரோடு. எங்களுக்கு ஒரே பெருமை. இல்லாத ஊரை வரைகிறவர்களும் எங்கள் கோட்டின் மேல்தான் வரைய வேண்டியிருந்தது. அந்தக் கோடு தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பேச்சியம்மாள் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். தாராவியில் வீட்டிலேயே மாவாட்டி இட்லி அவித்து விற்கிற குடும்பம். முழங்கை வரைக்கும் உளுந்து மாவு காய்ந்திருந்தது. நகரத் திட்ட ஆபீஸில் கேட்டுவிட்டு, அங்கே எங்கள் பக்கம் கைகாட்டியதால் இங்கே வந்திருக்கிறாள். யாருக்கும் அவள் பேச்சு புரியவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள்.

“நீங்க தமிழா தாயி? நல்லதாப் போச்சு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்க சந்துல பதினோரு வீடு. புது ரோடு போடுதாகளாம். நாங்க இருக்கது சர்க்கார் நெலமாம், எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லுதாக. எங்க மாமனார் காலத்துலேருந்து அந்த இடத்துச் சொந்தக்காரருக்கு வாடகை குடுத்துல்லா இருக்கோம்! சர்க்கார் எல்லைக் கல்லு எங்க வீட்டு அடுப்பாங்கரையில நிக்கி. கல்லுக்கு அந்தப் பக்கந்தான் சர்க்கார் நெலம். நாங்க இந்தப் பக்கம். வந்து பாருங்க.”

நான் அதை சாகேப்பிடம் மராத்தியில் சொன்னேன். அவர் ஷீட்டை விரித்தார். கிணறு இருந்தது. பதினோரு வீடும் இருந்தன. கல் இல்லை. எல்லைக்கோடு கிணற்றுக்கு மேற்கே நேராகப் போனது. அதன்படி பார்த்தால் பதினோரு வீடும் சர்க்கார் பக்கத்தில்தான் இருந்தன. நகரத் திட்டக்காரர்கள் அந்தக் கோட்டை ஒட்டித்தான் ரோட்டை வரைந்திருந்தார்கள்.

“கல்லை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வந்து நடலாம். ஷீட்டில் இல்லையே” என்றார் சாகேப். சொன்னபோது அவருக்கும் மனசில்லை, குரலிலேயே தெரிந்தது. ஆட்சேபணை கொடுக்கத் திங்கட்கிழமை மாலை வரைதான் கெடு.

“கல்லு என்ன தேரா தாயி, இழுத்துக்கிட்டு வாரதுக்கு?” என்றாள் பேச்சியம்மாள். அழவில்லை. போகும்போது தூக்குவாளியைத் திறந்து, எங்கள் ஐந்து பேருக்கும் இரண்டிரண்டு இட்லி வைத்துவிட்டுப் போனாள். நான் அந்த இட்லியைத் தொடவில்லை.

பழைய துணியைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். கழிக்கப்பட்டது, பெற்றுக்கொண்டவர்: வைதேகி. என் கையெழுத்து, கீழே என் வழக்கமான சுழி. அந்த ஷீட்டுக்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சியைத்தான் வெந்நீரில் போட்டு அலசி, குழந்தைக்கு மாட்டிவிட்டிருந்தேன்.

ராஜம் பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டேன். “என்னடி, உள்ளே வரதுக்கு முன்னாடியே ஃபிராக் எங்கே ஃபிராக் எங்கேன்னு உயிரை வாங்கறே? குட்டிக்கு அது சின்னதாயிடுத்து. செம்பூர் கமலாவோட கொழந்தைக்குக் குடுத்துட்டேன்” என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. “வைதேகி, நான் சொல்றதைக் கேளு. தப்பு உன்னோடதுன்னு தெரிஞ்சா வேலை போயிடும். நீ இன்னும் பர்மனென்ட்கூட ஆகலை. அந்த ஃபிராக் எங்கே இருக்குன்னு உன்னையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியும்? வாயை மூடிண்டு இரு.”

அவள் சொன்னது நியாயம்தான். பொய் சொல்வானேன், ஒரு நாள் முழுக்க நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சனிக்கிழமை ஆபீஸில் கோடு போடக் கை வரவில்லை. கண்ணை மூடினால் முழங்கை வரை மாவு பூசிய அந்தக் கைதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பூர் பஸ் ஏறிவிட்டேன்.

கமலா என் பள்ளிக்கூடச் சிநேகிதி. கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் ஆவணம் தவழ்ந்துகொண்டிருந்தது. நான் பாய்ந்து பிடிக்கப் போக, குழந்தை என்னைப் பார்த்து வீல் என்று கத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. கடைசியில் கமலாவும் நானும் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு, முறுக்கைக் காட்டி வெளியே இழுத்தோம். ஆவணம் நனைந்திருந்தது. “வெய்யிலுக்கு இதைவிட சொகமா ஒண்ணும் கெடையாதுடி, எடுத்துண்டு போறயே” என்று கமலா அங்கலாய்த்தாள். எடுத்துப்போயிருந்த புது ஃபிராக்கைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை யாரும் வருவதற்கு முன்பே ஆபீஸுக்குப் போனேன். தையலைப் பிரித்து முதுகுத் துண்டை மட்டும் எடுத்து, ஷீட்டின் பக்கத்தில் விரித்தேன். மங்கலான சிவப்பில் ஏழு புள்ளிகள் இருந்தன. ஷீட்டில் அந்த இடத்தில் ஆறுதான். ஏழாவது புள்ளி கிணற்றுக்குக் கிழக்கே தனியாக இருந்தது. அது நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஷீட்டை எடுத்தது ஜூலை மாதம். மழை ஈரத்தில் துணி சுருண்டு சுருண்டு எழும்பியது. நடுவில் ஒரு ஈயக் கட்டியைத் தூக்கி வைத்தேன். ஏழாவது புள்ளி அந்தக் கட்டிக்கு அடியில் இருந்திருக்கிறது. நான் ஆறு புள்ளி வைத்து ஆறையும் சேர்த்துவிட்டேன். அந்த வாரம் ஜன்னலில் வெளிச்சமும் கிடையாது. சாகேப்பும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அவர் வந்தார். மேஜையில் பாதி ஃபிராக் கிடந்ததைப் பார்த்தார். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பின்பக்கமிருந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து, ஷீட்டில் கிணற்றுக்குக் கிழக்கே வைத்தார். இன்னொன்று எடுத்து, ஷீட்டின் கீழே தன்னுடைய கையெழுத்தின் மேல் வைத்தார்.

“வைதேஹிபாய், சாப்பிடு” என்று சொல்லிவிட்டுத் தன்னுடையதை வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று பெப்பர்மின்ட் தின்றோம். என் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. அது அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

அப்புறம் அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கணக்கில் இறங்கினார். தோய்த்த துணி சுருங்கியிருக்கும். நெட்டு நூலில் ஒரு மாதிரியும் குறுக்கு நூலில் வேறு மாதிரியும் சுருங்கும். தெரிந்த ஆறு புள்ளிகளை வைத்து இரண்டு சுருக்கத்தையும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார். அதை ஏழாவது புள்ளிக்குக் கொடுத்து, பக்கத்திலிருந்த இரண்டு கற்களிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அடிக்கணக்கில் எழுதினார். மத்தியானம் நகரத் திட்ட அதிகாரியைக் கையோடு அழைத்துக்கொண்டு தாராவிக்குக் கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார். நான் அதுவரை என் சொந்தக் கோடுகளின் மேல் நடந்ததில்லை.

சந்து முழுக்கக் கூட்டம். அளவைச் சங்கிலி பிடிக்கிற சங்கிலிக்காரர்கள் இரண்டு பேர். முதல் கல்லிலிருந்து சங்கிலியைப் பிடித்துத் தரையில் ஒரு வளைவு கீறினார்கள். இரண்டாவது கல்லிலிருந்து இழுத்தபோது சங்கிலி கிணற்றைத் தாண்டி, பேச்சியம்மாள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனது. அதிகாரி குனிந்து பின்னாலேயே போனார். அடுப்பங்கரையில் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில், மஞ்சளும் குங்குமமும் அப்பி, தலையில் செம்பருத்திப் பூ வைத்து ஒரு கல் உட்கார்ந்திருந்தது. இரண்டு வளைவும் சந்தித்த இடத்துக்கும் அதற்கும் ஒன்றரை அடிகூட இல்லை.

“இது சாமியல்லவா?” என்றார் அதிகாரி.

நான் தமிழில் கேட்டேன். பேச்சியம்மாளுக்கு வெட்கம் வந்துவிட்டது. “சர்க்கார் வச்ச கல்லு, வீட்டைக் காத்துக்கிட்டு நிக்கி. சும்மா விட மனசு வருமா? வெள்ளிக்கு வெள்ளி பூசை போடுதோம்” என்றாள். கல்லைச் சுரண்ட வேண்டும் என்றதும், அதன் முன்னால் மண்டியிட்டு, “கோவிச்சுக்கிடாத சாமி, உன் மொகத்தைக் கொஞ்சம் காட்டு” என்று கும்பிட்டுவிட்டு, தோசைத் திருப்பியால் அவளே சுரண்டினாள். எத்தனையோ வருஷத்து மஞ்சள் செதில் செதிலாக விழுந்தது. அடியில், சர்வேக்காரர்கள் வெட்டுகிற அம்புக்குறி தெரிந்தது.

கூட்டம் போட்ட சத்தத்தில் கிணற்று மேடையில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. யாரோ தகரத்தைத் தட்டினார்கள். ஒரு பாட்டியம்மா சங்கிலிக்காரரின் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். பேச்சியம்மாள் என்னைக் கட்டிக்கொண்டதில் என் புடவை முழுக்க உளுந்து மாவு. “நீதான் தாயி எங்க குடிய நிறுத்துன” என்றாள். “நிறுத்தினது இருக்கட்டும், உங்க கல்லைத் தொலைச்சதே நான்தான்” என்றேன். “தொலைச்சவதான தேடிக் குடுக்கணும்? குடுத்துட்டியள்ளா. வாங்க, இட்லி சூடா இருக்கு” என்றாள். அன்றைக்கு நான் எட்டு இட்லி தின்றேன். சாகேப் பன்னிரண்டு.

ஷீட்டைத் திருத்தியபோது சாகேப் பக்கத்திலேயே நின்றார். ஓரத்தில் ‘பழைய ஆவணத்தின்படி’ என்று எழுதப் போனேன். “ஃபிராக் என்று எழுது. உண்மையில் எங்கிருந்து வந்ததோ அதை எழுது” என்றார். எழுதினேன். மேலிடத்திலிருந்து ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கடிதம். என் வேலை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து கழித்த துணியை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். மற்ற நாலு பெண்களும் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன் செய்த பெண்ணுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில மாதம் முன்னால் ஒரு கல்யாணத்துக்காக டாக்ஸியில் அந்த வழியாகப் போனேன். அறுபதடி ரோடு அம்பு மாதிரி நேராக வருகிறது. கிணறு இருந்த இடத்துக்கு வந்ததும் காரணமே இல்லாமல் கிழக்கே வளைந்து, பதினோரு வீட்டைச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகிறது. வீடுகள் இப்போது இரண்டு மாடி, மூன்று மாடியாகிவிட்டன. முனையில் ஒரு இட்லிக் கடை. வாசலில் மஞ்சள் பூசிய ஒரு கல், தலையில் பூ. வளைவில் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. ஹார்னை அழுத்திக்கொண்டே, “சீதா ரஸ்தா தா! கிஸ் கதே நே டேடா கியா?” என்று கத்தினார். நேராக இருந்த ரோட்டை எந்தக் கழுதை வளைத்தது என்று கேட்கிறார்.

நான் பையைத் திறந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“டிரைவர்ஜி, அந்தக் கழுதை நான்தான்” என்றேன்.